கல்லமேட்டில் கரைந்தது போதும்: சுரங்க அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய அரசின் சுரங்கத் துறை அமைச்சர் அவர்களுக்கும், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

புவிமரபுத் தலங்களையும் தொல்லுயிர் எச்சங்களையும் பாதுகாக்க ஒரு சட்ட வரைவை 2022 டிசம்பரில் உங்கள் அமைச்சகம் வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் எதுவும் கிடையாது என்பதை அந்த வரைவே ஒப்புக்கொண்டது. ஆதரவாகவும் எதிர்ப்பாகவும் கருத்துகள் வந்து சேர்ந்தன. வரைவு இன்னும் சட்டமாகவில்லை. இடைப்பட்ட ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஓடைக் கரைகள் சரிகின்றன. மண் அள்ளும் இயந்திரங்கள் ஓய்வதில்லை. பெயர் சூட்டப்பட்ட டைனோசர்களின் மூல எலும்புகளே, அதாவது எந்த எலும்புகளை வைத்துப் பெயரிட்டார்களோ அவையே, எங்கே என்று கேட்டால் பல இனங்களுக்கு உறுதியான பதில் கிடைப்பதில்லை. இதை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது என்பதால் வெளிப்படையாக எழுதுகிறோம்.

இந்தியாவில் டைனோசர்களுக்குப் பஞ்சமில்லை. கோதாவரிப் படுகையின் மாலேரிப் பாறைகளில் டிரையாசிக் காலத்து ஆல்வாக்கேரியா, நம்பாலியா, ஜக்லபள்ளிசாரஸ். அதே படுகையின் கோட்டா பாறைகளில் ஜுராசிக் காலத்து பாரபாசாரஸ், கோட்டாசாரஸ். ஜெய்சல்மேரில் 16.7 கோடி ஆண்டுப் பழமையான தாரோசாரஸ், 2023-ல் பெயர் பெற்றது. குஜராத்தின் ரஹியோலியில் ராஜாசாரஸும் ரஹியோலிசாரஸும். மகாராஷ்டிரத்தின் டோங்கர்காவில் ஐசிசாரஸ். டைனோசர் யுகத்தின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே நாட்டின் பாறைகளில் படிக்கக் கிடைப்பது பெரிய வாய்ப்பு. எங்கள் மனக்குறை, கண்டெடுத்த பிறகு நடப்பதைப் பற்றியது.

முதலில் கல்லமேடு. அரியலூர் மாவட்டத்தின் இந்தச் சிற்றூருக்கு அருகே கிடைத்த பேருருவ எலும்புகளை உங்கள் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் விவரித்து, புருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டார்கள். இடுப்பெலும்பு 1.2 மீட்டர். தொடையெலும்பின் கீழ்முனை 75 சென்டிமீட்டர் அகலம். கீழ்க்கால் எலும்பு 2 மீட்டர். ஒப்பிட்டுப் பாருங்கள்: உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாகக் கொண்டாடப்படும் அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பே 1.55 மீட்டர்தான். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்ட இந்த விலங்கு, நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்பது பிறகு தெளிவானது. 2023-ல் வெளியான ஒரு கணிப்பு இதன் எடையை 110 முதல் 170 டன் வரை என்கிறது. அது சரியென்றால், நிலத்தில் நடந்த உயிர்களிலேயே பெரியது நம் வெள்ளாற்றுப் பக்கத்தில் நடந்திருக்கிறது.

அந்தக் கணிப்பைச் சரிபார்க்க இன்று வழியில்லை. எலும்புகள் களத்தில் போட்ட பிளாஸ்டர் கட்டுக்குள்ளேயே நொறுங்கத் தொடங்கி, ஆய்வகம் போய்ச் சேருமுன் உருக்குலைந்தன. உலகத்துக்கு மிஞ்சியவை கோட்டோவியங்களும் சில மங்கலான படங்களும் மட்டும். களத்தில் எடுத்த ஒளிப்படங்கள் 2022-ல் ஓர் ஆய்விதழில் வெளிவந்த பிறகுதான், அது கல்மரமாக (கல்லாக மாறிய மரமாக) இருக்கலாம் என்று சந்தேகித்தவர்கள்கூட மறுபரிசீலனை செய்தார்கள். இதற்காக அன்று வேலை செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டோம். தேவையான பொருளும் பயிற்சியும் களத்துக்குத் தரப்படவில்லை. இன்றும் அந்த நிலை பெரிதாக மாறவில்லை என்பதுதான் எங்களை உறுத்துகிறது.

கல்லமேட்டு மண்ணில் எலும்பு ஏன் நொறுங்குகிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. எலும்பு கிடக்கும் களிமண் மழையில் ஊறி உப்புகிறது, வெயிலில் வெடிக்கிறது. மண்ணுக்குள் ஒரே ஈரப்பதத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த எலும்பு வெளிக்காற்று பட்டதும் மளமளவென்று உலர்கிறது. அதன் மேற்பரப்பில் முதலில் மயிரிழை விரிசல், பிறகு சதுரஞ் சதுரமாகப் பிளவு, கடைசியில் கைபட்டால் பொடி. ஆகவே தோண்டுகிற வேகமும் திடப்படுத்துகிற வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சாண் திறந்தால் அந்த ஒரு சாணையும் உடனே நிழலில் வைத்து, திடப்படுத்தும் மருந்து கொடுத்த பிறகே அடுத்த சாண்.

மருந்திலும் பிழை நடக்கிறது. உலர்ந்த எலும்புக்கு 100 மில்லி அசிட்டோனில் சுமார் 5 கிராம் பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினைக் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டால் அது விரிசலுக்குள் இறங்கிப் பிடிக்கும். சீக்கிரம் முடிக்க நினைத்துக் கெட்டியாகக் கரைத்தால் மேலே தோல் போல் படிந்துவிடும். உள்ளே எலும்பு பொடியாகவே இருக்கும். ஈரமான எலும்பில் இதே கரைசலை விட்டால் வெள்ளையாகப் பூத்து, ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். ஈர எலும்புக்குத் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பால்மம் தேவை. கடைத்தெருவில் கிடைக்கும் மரப்பசையையோ உடனொட்டும் பசையையோ முழு எலும்பிலும் பூசுவது அதைவிடக் கெடுதல், ஏனென்றால் பின்னால் அதைக் கரைத்து எடுக்க முடியாது.

அதன் பிறகு கட்டு. எலும்பைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, அதை ஒரு மண் பீடத்தின் மேல் நிற்கவிட வேண்டும். நனைத்த மெல்லிய காகிதத்தை இரண்டு மூன்று அடுக்காக எலும்பின் மேல் ஒட்ட வேண்டும். இந்த அடுக்கை விட்டுவிட்டால் பிளாஸ்டர் நேராக எலும்பைப் பற்றிக்கொண்டு, ஆய்வகத்தில் உரிக்கும்போது மேற்பரப்பையும் சேர்த்து உரித்துவிடும். காகிதத்தின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்த கோணிப் பட்டைகள், குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு அடுக்கு. 2 மீட்டர் எலும்பென்றால் நீளவாக்கில் மரச்சட்டமோ சவுக்குக் கழியோ வைத்துக் கட்டியே ஆக வேண்டும். வைக்காவிட்டால் புரட்டும்போது நடுவில் முறியும். மேல்பாதி நன்றாக இறுகிய பிறகு பீடத்தை அடியில் குடைந்து, ஆட்கள் சேர்ந்து ஒரே வீச்சில் புரட்டி, அடிப்பக்கத்தையும் மூட வேண்டும். கட்டின் மேலேயே எண், தேதி, வடக்குத் திசைக் குறி, எந்தப் பக்கம் மேல் என்பது எல்லாம் அழியாத மையில் எழுதப்பட வேண்டும். இவ்வளவும் முறையாகச் செய்தாலும், கட்டு ஈரமாகவே வண்டியேறினால் வழியில் எலும்பு பூசணம் பிடிக்கும், இளகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் கல்லமேட்டில் கட்டுப் போடக் கூடாது. பிப்ரவரி முதல் மே வரைதான் நல்ல காலம். எங்கள் பகுதியில் கோடை உழவுக்கு வந்தவர்களுக்கு இது தெரியும். நிதி ஒதுக்கீட்டுக் கோப்புகளின் நாள்காட்டிக்குத் தெரிவதில்லை.

இப்போது ஜபல்பூர். 1828-ல் கேப்டன் ஸ்லீமன் படா சிம்லா குன்றில் எலும்புகளைக் கண்டெடுத்தார். ரிச்சர்ட் ஓவன் ‘டைனோசர்’ என்ற பெயரையே 1842-ல்தான் உருவாக்கினார் என்பதை நினைத்தால் எவ்வளவு முந்தைய கண்டுபிடிப்பு என்பது புரியும். அங்கிருந்து வந்த இரண்டு வால் முள்ளெலும்புகளை வைத்து 1877-ல் லிடெக்கர் டைட்டானோசாரஸ் இண்டிகஸ் என்ற இனத்தை விவரித்தார். உலகெங்கும் டைட்டானோசார்கள் என்று அழைக்கப்படும் பெரும் குழு முழுவதற்கும் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அந்த மூல எலும்புகளோ நெடுங்காலம் எங்கே இருந்தன என்றே தெரியவில்லை. பெயருக்கு ஆதாரமான எலும்பைக் கையில் எடுத்துப் பார்க்காமலேயே ஆய்வாளர்கள் அந்தப் பெயர் செல்லுமா செல்லாதா என்று விவாதித்தார்கள். 2012-ல் கொல்கத்தாவில் உங்கள் துறையின் சேகரிப்பைச் சரிபார்த்தபோது ஒரு முள்ளெலும்பு அங்கேயே கிடைத்தது. தேடியவர்களுக்கு எங்கள் வணக்கம். அந்தத் தேடல் ஒழுங்கான பதிவேட்டால் நடக்க வேண்டிய வேலை.

படா சிம்லாவில் 1917 முதல் 1919 வரை மேட்லியும் துர்காசங்கர் பட்டாச்சார்ஜியும் தோண்டினார்கள். இண்டோசூகஸ், இண்டோசாரஸ், லேவிசூகஸ் முதலிய பெயர்கள் 1933-ல் அந்தச் சேகரிப்பிலிருந்து வந்தன. அதே குன்றிலிருந்து 1923-ல் பெயரிடப்பட்ட லமெட்டாசாரஸின் மூல எலும்புகள் இப்போது இல்லை. மூல மாதிரி தொலைந்தால் அந்த இனம் கேள்விக்குறியாகிவிடுகிறது. பக்கத்து மாவட்டத்தில் நாளை ஒரு முழு எலும்புக்கூடு கிடைத்தாலும் அது அதே இனமா, வேறா என்று யாராலும் சொல்ல முடியாது. அரியலூர்ப் பகுதியிலிருந்து 1979-ல் தகடு டைனோசர் எனப் பெயரிடப்பட்ட திராவிடோசாரஸை, அது கடல்வாழ் பிளீசியோசார் என்று பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அறிவியலில் இப்படித் திருத்தம் வருவது நல்லது. எலும்பும் தோண்டிய இடமும் பிழைத்திருந்தால்தான் திருத்தம் வரும்.

நன்றாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. கோதாவரிப் பகுதியில் 1960, 61-ல் பெருமளவு தோண்டப்பட்ட சுமார் 300 எலும்புகள் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன. குறைந்தது ஆறு விலங்குகளின் எலும்புகள் அவை. இனப்பெயரில் தாகூரின் பெயர் தாங்கிய பாரபாசாரஸ் இன்று அங்கே அசல் எலும்புகளோடு எழுந்து நிற்கிறது. ஹைதராபாத்தின் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் கோட்டாசாரஸும் அப்படியே. ரஹியோலியில் 1980-களின் தொடக்கத்தில் உங்கள் துறையின் சுரேஷ் ஸ்ரீவஸ்தவா எந்த எலும்பு எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் கிடந்தது என்று வரைபடம் போட்டு வைத்தார். சுமார் இருபது ஆண்டுகள் கழித்து அந்த வரைபடத்தைக் கையில் வைத்துத்தான் இடுப்பையும் மண்டையோட்டையும் ஒரே விலங்கினுடையவை என்று சேர்க்க முடிந்தது. 2003-ல் ராஜாசாரஸ் பிறந்தது அப்படி. அந்த அலுவலரின் சதுரக்கட்டக் காகிதம் எத்தனை கோடி ரூபாய்க் கட்டடத்தைவிடவும் பெரிய வேலை செய்தது.

சட்டத்துக்கு வருகிறோம். 1958-ன் தொன்மைச் சின்னங்கள் சட்டமும் 1972-ன் தொல்பொருள் சட்டமும் மனிதன் செய்ததை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தேசியப் புவியியல் சின்னம் என்று உங்கள் துறை அறிவிப்பதற்குப் பின்னால் தண்டனை வழங்கும் சட்டம் இல்லை. திருவக்கரையிலும் சாத்தனூரிலும் கல்மரங்களைச் சுற்றி வேலி இருப்பதால் அவை பிழைத்தன. கல்லமேட்டுக்கு வேலியும் இல்லை, அறிவிப்பும் இல்லை. அர்ஜென்டினாவைப் பாருங்கள்: 2003-ல் இயற்றிய 25.743 எண் சட்டத்தின்படி தொல்லுயிர் எச்சம் பொதுச் சொத்து. நம்மைப் போலவே பழைய கோண்ட்வானா பெருங்கண்டத்தின் துண்டு அந்த நாடு. எலும்புகளும் நம்முடையவற்றுக்கு உறவு.

உங்கள் வரைவின் நோக்கம் சரி. ஆனால் அது அனுமதி, அகழ்வு, சேமிப்பு என்று எல்லா அதிகாரத்தையும் ஒரே துறையின் கையில் குவிக்கிறது. அதை நாங்கள் ஏற்கவில்லை. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கொண்ட டைட்டானோசார் முட்டையிடு நிலத்தை 2023-ல் விவரித்தவர்கள் டெல்லிப் பல்கலைக்கழகக் குழுவினர். அந்த மாவட்டத்தின் தடங்களை நெடுங்காலம் தேடிக் காத்தவர்களில் பள்ளி ஆசிரியர் உண்டு. கல்லமேட்டின் இன்னொரு பெரிய கண்டுபிடிப்பான டிரூடான்டிட் என்ற டைனோசர் வகையின் பல் 2013-ல் வெளிவந்ததும் பல்கலைக்கழக ஆய்வாளர்களால்தான். சில மில்லிமீட்டர் மட்டுமே உள்ள அத்தகைய பல் கண்ணில் படாது. மூட்டை மூட்டையாகக் களிமண்ணை எடுத்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசி, மிஞ்சியதை நுண்ணோக்கியில் மணி மணியாகப் பொறுக்க வேண்டும். மாணவர்களும் ஆர்வலர்களும் இல்லாமல் இந்த வேலை நடக்காது. ஒவ்வொரு மூட்டைக்கும் தலைமையகத்தின் முத்திரை வேண்டும் என்றால் அந்தப் பற்கள் மண்ணிலேயே போகும்.

ஊர் மக்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கும் சட்டமும் வேண்டாம். தார் மாவட்டத்தின் பாட்லியாவில் முட்டைகளைக் குலதெய்வமாக வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். அந்தப் பக்தியால்தான் அவை உடையாமல் இருந்தன. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் அள்ளியபோது வெளிவந்த உருண்டைகளை டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டு பார்த்தது. அவை படிவு உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் சொன்னார்கள். உடைந்த விளிம்பைக் கைலென்ஸில் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்: டைட்டானோசார் முட்டைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிப்பில் தனி ஓடு இருக்கும், ஓட்டின் வெளிப்புறம் மணி மணியாகச் சொரசொரக்கும், படிவு உருண்டை வெங்காயம் போல் அடுக்கடுக்காக உரியும், அல்லது நடுவில் ஒரு சங்கோ, சுருள் ஓடுடைய பழங்காலக் கடலுயிரான அம்மோனைட்டோ இருக்கும். இதை விளக்கும் ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கை வட்டாட்சியர் அலுவலகம்தோறும் இருந்திருந்தால் அன்று வதந்தி பரவியிருக்காது.

சுரங்கம் உங்கள் அமைச்சகத்தின் நேரடிப் பொறுப்பு. ரஹியோலியில் எலும்புகள் வெளிப்பட்டதே சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல் தோண்டிய இடத்தில்தான். அரியலூரின் சுண்ணாம்புக்கல் கடலில் படிந்தது. அதில் சிப்பிகளும் அம்மோனைட்டுகளும் கடல் ஊர்வனவும் வரும். டைனோசர்கள் அதற்கு மேலே உள்ள கல்லமேடு அடுக்கில், ஆற்றுப் படிவுகளில் கிடக்கின்றன. ஆகவே கல்லமேட்டுக்கு வெடிமருந்தைவிட ஏரி தூர்வாரலும் கிராவல் மண் எடுப்பும் உழவு விரிவாக்கமும் பெரிய அச்சுறுத்தல். இந்த வேறுபாடு தெரியாமல் சிமெண்டுச் சுரங்கத்தை மட்டும் கண்காணிக்கும் விதி எழுதினால் பாதிதான் பயன்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

வரைவைத் திருத்தி நாடாளுமன்றத்தில் அறிமுகப்படுத்துங்கள். தொல்லுயிர் எச்சம் பொதுச் சொத்து என்று அதில் நேரடியாக எழுதுங்கள். பல்கலைக்கழகங்களும் மாநிலத் துறைகளும் இடம்பெறும் ஒரு குழு அனுமதி வழங்கட்டும். விண்ணப்பித்த 30 நாளுக்குள் பதில் கட்டாயமாகட்டும். தற்செயலாகக் கண்டெடுத்து ஒப்படைக்கும் விவசாயிக்கும் தொழிலாளிக்கும் வழக்கு வராது என்ற உறுதியும், கண்டுபிடித்தவர் என்ற பதிவும் சட்டத்திலேயே இருக்கட்டும். புதிய இனத்துக்குப் பெயரிடும் எவரும் மூல மாதிரியை நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் பதிவு எண்ணோடு வைத்தாக வேண்டும்.

சட்டத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் உண்டு. சுண்ணாம்புக்கல் சுரங்கத் திட்டங்களுக்கு ஒப்புதல் தருவது உங்கள் அமைச்சகத்தின் கீழ் உள்ள இந்தியச் சுரங்கப் பணியகம். எலும்போ முட்டையோ தென்பட்டால் அந்த முகப்பில் வேலை நிறுத்தம், சுற்றிலும் 15 மீட்டர் வரை வெடி கிடையாது, அளவுகோலோடு ஒளிப்படமும் ஜிபிஎஸ் புள்ளியும், 48 மணி நேரத்துக்குள் நிலவியலாளர் வருகை, ஒரு வாரத்தில் முடிவு என்று ஒரு நிபந்தனையை ஒப்புதல் ஆணையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். முடிவுக்குக் காலவரம்பு அவசியம். வேலை எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாத மேற்பார்வையாளர் எலும்பை லாரியில் ஏற்றிவிடுவார். கிராவல், ஏரி மண் போன்ற சிறுகனிமங்கள் மாநில அரசின் வசம் இருப்பதால், இதே நிபந்தனையைத் தமிழ்நாடு, குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், தெலங்கானா அரசுகளுக்கும் எழுத்தில் அனுப்புங்கள்.

இந்தியாவில் பெயரிடப்பட்ட எல்லா டைனோசர் இனங்களின் மூல மாதிரிகளையும் தணிக்கை செய்து ஓராண்டுக்குள் பட்டியல் வெளியிடுங்கள். எது எந்த அறையில், எந்த எண்ணில், என்ன நிலையில் இருக்கிறது, எது காணவில்லை என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். காணாததைக் காணவில்லை என்றே எழுதுங்கள். இருக்கும் ஒவ்வொன்றையும் முப்பரிமாணத்தில் பதிவு செய்து எவரும் இறக்கிக்கொள்ளும்படி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் இரண்டு பங்கு படியும்படி எடுத்த படங்களும் ஓர் அளவுகோலும் ஒரு கணினியும் இருந்தால் போதும். காப்பக அறைகளில் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே வையுங்கள். 60-ஐத் தாண்டினால் அரியலூர் மாதிரிகளில் உள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் அமிலமாக மாறி, எலும்பையும் சீட்டையும் சேர்த்து அரிக்கும்.

கடைசியாகக் கல்லமேடு. வரும் கோடைக்குள் எலும்பு அடுக்கு வெளித்தெரியும் ஓடைக் கரைகளையும் வயல் வரப்புகளையும் அளந்து எல்லை குறியுங்கள். நில உரிமையாளர்களுக்கு இழப்பீட்டோடு ஒப்பந்தம் போடுங்கள். திடப்படுத்தும் மருந்து, பிளாஸ்டர், கோணி, சல்லடை, அவற்றைக் கையாளப் பயிற்சி பெற்ற இருவர் என்று ஒரு நிரந்தரக் களநிலையம் அரியலூரில் இருக்கட்டும். வாரணவாசி அருங்காட்சியகத்தை ஒட்டியே அதை அமைக்கலாம். பிப்ரவரியில் தொடங்கி மே மாதத்துக்குள் முடியும்படி அகழ்வுக்கான நிதியை டிசம்பரிலேயே விடுவியுங்கள்.

இந்த மடலுக்கு எழுத்து மூலமான பதிலை, ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பான அலுவலரின் பதவியும் காலக்கெடுவும் குறிப்பிட்டு, 60 நாளுக்குள் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் தொல்லுயிர்க் களப்பணி செய்பவர்கள்